பெண்டிகோவில் தங்கம் தேட எந்த டிடெக்டர், எந்த காயில்? தேரி மண்ணில் பழகலாமா?

பனைவிளை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஊர் திசையன்விளை பக்கம். ஆகஸ்ட் கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு, விக்டோரியா மாநிலம் பெண்டிகோவுல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன். மூணு மாசம் தங்கல். அங்க லீவு நாள்ல ஆளாளுக்கு ஒரு கருவியைத் தூக்கிட்டு பழைய தங்கக் காட்டுல அலையிறாங்களாம், நாமளும் போவோம்ங்கார் அத்தான். கருவியைத் தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில.

கையில ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கு. பார்த்து வச்சிருக்கது மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000, இல்லன்னா அதே கம்பெனி ஈக்வினாக்ஸ் 800. இது போக, டவுன்ல ஒருத்தர் ரெண்டு ஆண்டெனா வச்ச கருவி ஒண்ணு காட்டினார். 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தங்கத்தையும் திசை காட்டும்னு சொல்றார், விலை 90,000.

கேட்க வேண்டியது மூணு. எந்த மெஷின்? 15 இன்ச் காயில் (கம்பு நுனியில மாட்டுற தட்டு) மாட்டினா ஆழம் கூடும்ங்காங்களே, நிசமா? போறதுக்கு முந்தி நம்ம தேரிச் செம்மண்ணுலயே பழகிக்கிடலாமா? கூட்டாளியோட பழைய காசு தேடுற மெஷினை விளைக்குள்ள வச்சுப் பார்த்தா, எங்க வச்சாலும் கத்துது.

ஈயக்குண்டு:

முதல்ல அந்த ஆண்டெனாச் சவத்தைத் தள்ளுங்க. தூரத்துத் தங்கத்துக்குத் திசை காட்டும் கருவி உலகத்தில் கிடையாது. மண்ணுக்குள் சும்மா கிடக்கிற தங்கம் எந்த அலையையும் அனுப்புவதில்லை. டிடெக்டர்தான் காந்தப்புலத்தை அனுப்பி, அது உலோகத்தில் உண்டாக்கும் சுழல் மின்னோட்டத்தைப் பிடிக்க வேண்டும். அது எட்டும் தூரம் சென்டிமீட்டர் கணக்கில்தான். விற்கிறவர் விடாமல் பேசினால் 10 சிரட்டையைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் ஒரு பவுன் காசை வையுங்கள். வைத்தவர் அங்கே நிற்கக் கூடாது, கருவி பிடிப்பவருக்கும் இடம் தெரியக் கூடாது. இப்படிப் பத்துத் தடவை செய்தால், குருட்டாம்போக்கில் ஏதோ ஒரு தடவை சரியாக வரும். அதற்கு 90,000 ரூபாய் எதற்கு?

இனி நிஜக் கருவிகள். தங்கம் தேடுகிறவர்கள் புழங்குவது இரண்டு வகை.

வி.எல்.எஃப். வகை தொடர்ந்து ஒரு அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதில் எவ்வளவு பின்தங்கல் இருக்கிறது என்று பார்க்கும். அதை வைத்து இரும்பா, வேறு உலோகமா என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். விலை குறைவு, எடை குறைவு, பேட்டரி நெடுநேரம் வரும். இரும்புச்சத்து மிகுந்த மண்ணில்தான் தடுமாறும்.

பி.ஐ. வகை பட்டென்று ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிடும். மைக்ரோ விநாடிக் கணக்கில் காத்திருந்து, உலோகத்தில் மிச்சம் இருக்கும் மின்னோட்டம் தேய்வதைக் கேட்கும். மண்ணின் எதிரொலி தேய்கிற விதமும் உலோகத்தின் எதிரொலி தேய்கிற விதமும் வேறு வேறு. அதனால் மோசமான மண்ணையும் தள்ளிவிட்டு ஆழம் பார்க்கும். விலை அதிகம், இரும்பைப் பிரிக்கும் திறன் குறைவு. ஆணி ஆணியாகத் தோண்ட வேண்டி வரும்.

வி.எல்.எஃப்.பில் அலைவரிசைதான் முக்கியம். சின்னத் தங்கத்துணுக்கில் சுழல் மின்னோட்டம் சில மைக்ரோ விநாடியில் செத்துப்போகும். அதை எழுப்ப உயர் அலைவரிசை வேண்டும். கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71, கேரட் (Garrett) கம்பெனியின் 24கே என்பது 48. காசு தேடும் சாதாரண மெஷின்கள் 6 முதல் 15 வரை. அதைக் கொண்டுபோனால் ஒரு பவுன் கட்டியைச் சொல்லும், குன்றிமணி அளவுத் துணுக்கை மிதித்துக்கொண்டு போகும். ஈக்வினாக்ஸ் 800-ல் 20, 40 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு, தங்கத்துக்குத் தனி மோடும் உண்டு. 600-ல் அந்தத் தங்க மோடு கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முகப்பில் எண்ணைப் பார்த்து வாங்கவும்.

தங்கத்துக்கு மட்டும் என்றால் மான்ஸ்டர். கடற்கரை, தொலைந்த நகை, பழைய காசு என்று நாலுக்கும் ஒன்று என்றால் ஈக்வினாக்ஸ். மான்ஸ்டரில் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை அடக்கும் சரிக்கட்டல், தானாகவே நடக்கும், திருகுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. புதிதாகக் கை வைக்கிறவருக்கு அது நல்லது. பெட்டியோடு வரும் 10×6 நீள்வட்ட டி.டி. காயிலும் 5 இன்ச் வட்டக் காயிலும் போதும்.

வெங்கச்சங்கல்:

ஈயக்குண்டு சொன்னது வேறு ஊருக்குச் சரி. பெண்டிகோவுக்கு அப்படியே எடுக்காதீங்க. விக்டோரியாவின் தங்க முக்கோணம், அதாவது பெண்டிகோ, டுனோலி, வெடர்பர்ன், மேரிபரோ சுற்றுவட்டம், வி.எல்.எஃப்.பைக் கதறவைக்கிற மண். இரும்புக்கல் சரளை, சிவந்த களி, நடுவில் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ் கல். பெரிய கட்டி கிடைத்த ஊர்கள்தான். மொலியாகுலில் 1869-இல் வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் கிடைத்தது. கிங்கோவர் பக்கம் 1980-இல் ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்கிற 27 கிலோ கட்டியை ஒருவர் டிடெக்டரை வைத்தே எடுத்தார். ஆனால் அந்தக் காடுகளில் அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் காயில் வீசியாகிவிட்டது. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒன்று மிகச் சின்னது, இல்லையென்றால் மிக ஆழம். ஆழத்தில் கிடப்பதை அந்த மண்ணில் வி.எல்.எஃப். தொடாது.

பி.ஐ.யில் புழக்கத்தில் இருப்பது மைன்லேபின் எஸ்.டி.சி. 2300, ஜி.பி.எக்ஸ். 5000, ஜி.பி.எக்ஸ். 6000. கேரட் ஆக்ஸியமும் இந்த வரிசைதான். புது 6000 நம்ம ரூபாய்க்கு நாலு லட்சத்தைத் தாண்டும். உங்கள் ஒன்றரை லட்சத்துக்குள் இந்த வரிசையில் புதுசு நடக்காது.

வழி இருக்கு. அந்த ஊர்களில் டிடெக்டர் கடைகளே நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் பி.ஐ. மெஷின் கொடுக்கும். மூணு மாசத்தில் வானிலை நல்லா இருக்கிற ஒரு வாரத்தைப் பிடிச்சு 6000-ஐ வாடகைக்கு எடுங்க. மீதி நாளுக்கு மான்ஸ்டர். அதையும் இங்கிருந்து சுமந்துகொண்டு போகாதீங்க, அங்கேயே வாங்குங்க. பழுது வந்தால் வாங்கின கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, மைன்லேப் மெஷின்களுக்குப் போலி நிறைய ஓடுது. வெளியே பார்த்தால் ஸ்டிக்கர் முதல் பெட்டி வரை அச்சு அசல். உள்ளே இருக்கிற போர்டு வேறு. அங்கீகாரம் பெற்ற டீலரா, சீரியல் எண் கம்பெனிக் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யாமல் பணத்தை அனுப்பாதீங்க. பாதி விலைக்கு வருகிற ஜி.பி.எக்ஸ். பெரும்பாலும் அந்த ரகம்தான்.

மான்ஸ்டருக்கு அந்த மண்ணில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பாறை மேலேயே தெரிகிற இடம், மேல்மண் ஒரு சாண்கூட இல்லாத சரிவு, பழைய சுரங்கக்காரர்கள் கொட்டின கழிவு மேடு, காய்ந்த ஓடையின் பாறை இடுக்கு, இங்கெல்லாம் 5 இன்ச் காயிலோடு பி.ஐ. விட்டதையும் எடுக்கும். பெண்டிகோவில் தங்கம் வெங்கச்சங்கல் நரம்போடு வந்தது. கழிவு மேட்டில் கிடக்கிற வெங்கச்சங்கல்லைக் காயிலுக்கு முன்னால் அசைத்துப் பாருங்கள், தங்கம் ஒட்டின கல் இருந்தால் சொல்லும். அந்த மேடுகளுக்குப் பக்கத்திலேயே மூடாத பழைய குழிகள் இருக்கும், நம்ம ஊர்ப் பாழுங்கிணறு போலப் புதர் மூடிக் கிடக்கும். காதில் ஹெட்போன், கண் காயிலில் என்று பின்னுக்கு நடக்காதீங்க.

அனுமதி: விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்று ஒரு சீட்டு வாங்கணும். சுற்றுலா வந்தவரும் வாங்கலாம், விலை சொற்பம், 10 ஆண்டு வரை செல்லும். ஆளுக்கு ஒன்று, அத்தானுக்கும் தனியாக வேணும். கைக்கருவி மட்டுமே, தோண்டின குழியை மூடியாகணும். தேசியப் பூங்காக்களில் தேடலுக்கு என்று ஒதுக்கின பகுதியில் மட்டும்தான். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

பனைவிளை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆண்டெனாவை விட்டுட்டேன். காயில் சமாச்சாரம் யாரும் சொல்லலையே. 15 இன்ச் வேண்டாமா? டி.டி., மோனோ, கான்சென்ட்ரிக்னு மூணு பேர் வருது, என்ன வித்தியாசம்?

ஈயக்குண்டு:

பொதுவாகக் காயிலில் இரண்டு சுருள் இருக்கும், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. கான்சென்ட்ரிக்கில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். அதன் பார்வை கீழே போகப் போகக் கூம்பு போலக் குறுகும். டி.டி.யில் இரண்டு சுருளும் ஆங்கிலத்து ‘டி’ எழுத்தைப் போல வளைந்து, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த ஏறின பட்டைதான் பார்க்கும் இடம், முன்னிருந்து பின்னாக ஒரு கத்தி மாதிரி. ஒரே நேரத்தில் அது பார்க்கிற மண் குறைவு, ஆகவே மண்ணின் சத்தமும் குறைவு. இரும்புச்சத்து மண்ணில் வி.எல்.எஃப்.புக்கு டி.டி.யே மேல் என்பது இதனால்தான்.

மோனோ என்பது பி.ஐ.க்கு உரியது. ஒரே சுருள் அனுப்பிவிட்டு, அதுவே கேட்கும். அதே அளவு டி.டி.யைவிட ஆழம் பார்க்கும், ஓரத்தில் நுட்பமும் அதிகம். மண் மிக மோசமாக இருந்தாலோ மின்கம்பி இரைச்சல் தாங்கவில்லை என்றாலோ டி.டி.க்கு மாறலாம். ஜி.பி.எக்ஸ். 6000 பெட்டியில் 11 இன்ச் மோனோவும் 14 இன்ச் டி.டி.யும் சேர்ந்தே வரும்.

பெரிய காயில் ஆழம் போகும் என்பதில் பாதிதான் நிஜம். பெரிய பொருளுக்குப் போகும். சுருள் பெரிதானால் அதே மின்சாரம் பெரிய பரப்பில் பரவி, காயிலுக்கு நேர் கீழே புலம் வலுக்குறையும். சின்னத் துணுக்கு அதில் காணாமல் போகும். 15 இன்ச் காயில் 5 இன்ச்சைவிட எத்தனையோ மடங்கு மண்ணை ஒரே நேரத்தில் கேட்கிறது. நல்ல மண்ணில் அது லாபம், இரும்பு மண்ணில் அத்தனை மண்ணின் கூச்சலும் சேர்ந்து வரும். காயில் எடை கம்பின் நுனியில் தொங்குவதால் ஒரு மணி நேரத்தில் முழங்கை சொல்லிவிடும்.

0.1 கிராம், அதாவது ஒரு குன்றிமணிக்கும் குறைந்த துணுக்கு, 5 இன்ச் காயிலில் சுமார் 3 முதல் 5 செ.மீ. ஒரு கிராம் துணுக்கு 10×6 காயிலில் 10 செ.மீ.யை ஒட்டி. ஒரு பவுன் கட்டி ஒரு சாண் அளவுக்கு. மண் கெட்டது என்றால் இதில் பாதிகூட வராது. காயில் அளவைத் தாண்டின பிறகு தூரம் இரட்டித்தால் சிக்னல் 64-ல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே காயிலை மண்ணுக்கு 3 செ.மீ. உயரத்தில் ஆட்டிக்கொண்டு ‘ஆழம் வரவில்லை’ என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை. மண்ணைத் தடவுகிற மாதிரி போகணும்.

ஈக்வினாக்ஸ் எடுத்தால் உடன் வரும் 11 இன்ச் வட்டக் காயிலோடு நிற்காதீர்கள். தங்கத்துக்கு 6 இன்ச் அல்லது காயில்டெக்கின் 10×5 நீள்வட்டம் தனியாக வாங்க வேண்டும். நீள்வட்டம் கல்லுக்கும் புல்லுக்கும் இடையில் மூக்கை நுழைக்கும். ஒரு மாடலின் காயில் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேராது. ஜி.பி.எக்ஸ். 5000-இன் காயிலை 6000-க்கு வாங்கிவிட வேண்டாம்.

செம்மண்தேரி:

பழகுற விசயத்தை நான் சொல்லுதேன்.

தேரி மண் சிவப்பா இருக்கதுக்குக் காரணம் மணல் மேல ஒட்டின இரும்பு ஆக்சைடு. அதோட இல்மனைட்டு, மேக்னடைட்டு, கார்னெட்டு எல்லாம் கலந்து கிடக்கு. ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில சுத்தி மண்ணுல இழுத்துப் பாருங்க, கரும்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். கூட்டாளி மெஷின் கத்துனது அதனாலதான். காசு தேடுற சின்ன மாடல்ல பலதுக்கு கிரவுண்ட் பேலன்ஸ் கம்பெனியிலயே வச்சது, மாத்த முடியாது. மெஷின் கெட்டுப்போகலை, மண்ணு அதுக்குப் பொருந்தலை, அவ்வளவுதான்.

அதனால தேரி பழகுறதுக்கு நல்ல இடம்னுதான் சொல்லுவேன். இங்க காதைப் பழக்கிட்டா அங்க திண்டாட்டம் பாதி குறையும். மெஷினை அங்க போய் வாங்கினாலும், யார்கிட்டயாவது கிரவுண்ட் பேலன்ஸ் மாத்துற மாடல் ஒண்ணு இரவல் கிடைச்சாப் போதும்.

தங்கத்துக்குப் பதிலா ஈயம் எடுங்க. தூண்டிலுக்குப் போடுற ஈயக்குண்டை வெட்டி, நகைக்கடைத் தராசுல 0.1, 0.3, 1 கிராம்னு நிறுத்து மூணு நாலு துண்டு வச்சுக்கிடுங்க. சின்ன அளவுல ஈயத்தோட சிக்னல் மண்ணுத் தங்கத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மோதிரத்தை வச்சுப் பழகாதீங்க. வளையமா முழுசா இருக்கிற உலோகம் அதே எடைக் கட்டியைவிடப் பலமாக் கத்தும், ஏமாந்துருவீங்க.

குழி தோண்டிப் புதைச்சா அந்த மண்ணு கலைஞ்சுபோகும், மெஷின் கலைஞ்ச மண்ணையே ஒரு சிக்னலாச் சொல்லும். அதுக்கு ஒரு வேலை செய்யலாம். முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பை ஒரு ஓரத்துல இருந்து சாய்வா மண்ணுக்குள்ள இறக்குங்க. ஒரு மூங்கில் குச்சி நுனியில ஈயத்துண்டை ஃபெவிக்விக்கால ஒட்டி, பைப்புக்குள்ள தள்ளுங்க. மேல இருக்கிற மண்ணு கலையாமலே 5 செ.மீ., 10 செ.மீ., 15 செ.மீ.னு ஆழத்தை மாத்தி மாத்திக் கேட்கலாம். குச்சியில ஆணி கீணி இருக்கக் கூடாது, பைப்பு மூட்டுல கிளாம்பும் போடாதீங்க.

கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணுறப்ப முதல்ல உலோகம் இல்லாத ஒரு சதுரம் கண்டுபிடிக்கணும். பழைய விளையில அதுதான் கஷ்டம். லாடத்து ஆணி, வண்டிப் பட்டா, முறுக்குக் கம்பித் துண்டுன்னு எல்லாம் கிடக்கும். அந்த இடத்துல பொத்தானை அழுத்திக்கிட்டுக் காயிலைப் படுக்கையாவே மேல கீழ தூக்கி இறக்குங்க, மண்ணைத் தொட்டும் தொடாம. சாய்ச்சுராதீங்க. ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் சத்தம் ஒண்ணா அடங்குற வரைக்கும். அதுக்குப் பெறகும் கத்தினா சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. 10-ல வச்சுக் கூச்சலைக் கேட்கிறதைவிட 6-ல வச்சு அமைதியாக் கேட்டா ஆழம் கூடத்தான் செய்யும், ஏன்னா சின்னச் சிக்னல் கூச்சலுக்குள்ள முங்காது.

தானா மண்ணைப் பின்தொடர்ற மாடல்ல ஒரு சங்கடம் உண்டு. லேசா ஒரு சிக்னல் வந்ததும் அதே இடத்துல பத்து இருபது தடவை காயிலை ஆட்டினா, மெஷின் அந்தத் தங்கத்தையும் மண்ணுன்னு நினைச்சு அழிச்சுரும். ரெண்டு மூணு வீச்சுல முடிவு பண்ணுங்க. சந்தேகம்னா ஒரு அடி தள்ளிச் சுத்த மண்ணுல ஆட்டிட்டுத் திரும்ப வாங்க.

இடத்தையும் பார்த்துப் பிடிங்க. ராதாபுரம், பணகுடி பக்கம் காத்தாலைக் காத்தாடிக்கும் உயர்அழுத்த லைனுக்கும் கீழ நின்னா மண்ணே இல்லாமலும் கத்தும். காயிலை ஆகாயத்துல அசையாமப் பிடிச்சாலும் சத்தம் இருக்கா? அப்போ அது மின்சாரம். இடம் மாறுங்க, இல்ல நாய்ஸ் கேன்சலைப் போடுங்க. ஒரு விநாடிக்கு ஒரு தடவை டிக் டிக்குன்னு கணக்கா வந்தா, பக்கத்துத் தோட்டத்துல பன்றிக்குப் போட்ட சோலார் வேலி. ஆஸ்திரேலியாவுல மாட்டு வேலியும் இதே டிக்தான்.

எல்லாத்துக்கும் மேல, உங்க சொந்த விளைக்குள்ள மட்டும் பழகுங்க. குதிரைமொழித் தேரி காப்புக்காடு.

பொருநைக்கரை:

குறுக்கே ஒரு கேள்வி. பாபநாசத்துக்கு மேலே, இல்லையென்றால் தாமிரபரணி மணலில், நம்ம ஊரிலேயே தங்கம் தேட முடியாதா? ஆதிச்சநல்லூரில் தங்கப் பட்டம் கிடைத்ததே?

வெங்கச்சங்கல்:

மூன்றும் வேறு வேறு.

ஆதிச்சநல்லூரில் கிடைத்தது முதுமக்கள் தாழியோடு வைத்த மெல்லிய நெற்றிப்பட்டம். இயற்கைத் தங்கம் அல்ல, மனிதர் செய்த பொருள். அந்த மாதிரி இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவது தொல்லியல் சட்டப்படி குற்றம். தன் சொந்த நிலத்தில் புதையலாகக் கிடைத்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாகணும்.

மலைமேல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே குந்தாலியோடு போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆற்று மணல் விசயம்: நெல்லைச் சீமையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். சுண்ணாம்புக்கல்லுக்கும் கடற்கரைக் கனிம மணலுக்கும் பேர் போன மாவட்டம், தங்கத்துக்கு அல்ல. தங்கம் என்றால் நீலகிரியின் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் சுரங்கக் கம்பெனிகளே வந்து போயின. கோலார் 2001-இல் மூடிவிட்டது. எங்கே இருந்தாலும், 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே தப்பு. 21-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. ஆஸ்திரேலியா போல ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காகத் தேடுகிற ஏற்பாடு இங்கே இல்லை.

அதோடு ஆற்று மணலில் இருக்கிற தங்கம் பொடி. மாவு மாதிரித் துகளை எந்த டிடெக்டரும் சொல்லாது. அதற்குத் தட்டில் அலசுவதுதான் வழி. ஒரு கைப்பிடி பொடி சேர்ந்து ஒரு கிராம் இருந்தாலும், துகள்கள் தனித்தனியாக இருந்தால் காயில் வாயைத் திறக்காது.

பனைவிளை:

கடைசியா ஒண்ணு. சிக்னல் வந்தாச்சுன்னு வைங்க. எப்படித் தோண்டுறது? கையில என்னென்ன வேணும்?

ஈயக்குண்டு:

வீச்சு முதலில். நிதானமாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 2 முதல் 3 விநாடி. வளைவின் இரு முனையிலும் காயிலைத் தூக்கக் கூடாது, ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறவர்கள் ஓரத்துத் தங்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு வீச்சுக்கும் அடுத்ததுக்கும் பாதிக் காயில் மேலேறி வர வேண்டும்.

சிக்னல் வந்தால் 90 டிகிரி திரும்பிக் குறுக்கே வீசுங்கள். டி.டி. காயிலின் நடுக்கத்தி இரண்டு திசையிலும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இடம். இரண்டு பக்கமும் தெளிவாக, ஒரே மாதிரி வந்தால் தோண்டுங்கள். ஒரு திசையில் மட்டும் வந்து மறு திசையில் உடைந்தால் ஆணியாக இருக்கலாம். அகலமாக, மந்தமாக ஏறி இறங்கினால் இரும்புக்கல். அது காயிலைத் தூக்கத் தூக்கச் சட்டென்று சாகும், உலோகம் கொஞ்சம் தாங்கும்.

மான்ஸ்டரில் இரும்பைத் தள்ளும் மோடு உண்டு. குப்பை நிறைந்த பழைய முகாம்களில் மட்டும் போடுங்கள். மற்ற இடத்தில் எல்லா உலோகமும் கேட்கும் மோடுதான். கெட்ட மண்ணில் ஆழத்துத் தங்கம் இரும்பு என்றே படிக்கும். இரும்பு என்று காட்டினாலும் மேலே இரண்டு விரல்கடை மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி கேளுங்கள். மண் குறையக் குறையப் பேச்சை மாற்றினால் தோண்டுங்கள். ஈயக்குண்டும் அலுமினியத் தாளும் தங்கத்தோடு ஒரே குரலில்தான் பேசும். திரையில் வரும் எண்ணை நம்பி அவற்றை ஒதுக்கினால் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்குகிறீர்கள்.

கருவி: சின்னக் குந்தாலி ஒன்று, அதன் பிடி மேல் ஒரு வலுவான காந்தம் (ஆணிகளை அதுவே பொறுக்கிவிடும்), உலோகமே இல்லாத பிளாஸ்டிக் அள்ளி, மூடி இறுக்கமான சின்னக் குப்பி. தோண்டின மண்ணைக் குழிக்குப் பக்கத்தில் குவித்து முதலில் குழியைக் கேளுங்கள். குழி அமைதி, குவியல் கத்துகிறது என்றால் பொருள் குவியலில். அள்ளியில் பாதி எடுத்துக் காயிலின் மேல் ஆட்டுங்கள். கத்தாவிட்டால் கொட்டிவிட்டு அடுத்த பாதி. கத்தினால் அதில் பாதியைக் கையில் கொட்டி மறுபடி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் கடைசியில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சும். அதைக் காயிலின் மேலேயே கொட்டி விரலால் தள்ளிப் பாருங்கள், கத்துகிற துகள் அதில் இருக்கும். கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் இந்த வேலை முழுக்கப் பாழ், கழற்றி வைத்துவிடுங்கள். செல்போனும் காயிலுக்கு ஒரு அடிக்குள் வரக் கூடாது. காலில் எஃகு முனை வைத்த சேஃப்டி பூட்ஸ் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொய்ச் சிக்னல்.

பட்டறை:

கிடைத்தது தங்கம்தானா என்று பார்க்க வழி. ஊசி முனையால் அழுத்துங்கள், தங்கம் பள்ளம் விழும், பைரைட் உடைந்து பொடியாகும். நிழலில் பாருங்கள், பைரைட்டின் பளபளப்பு போய்விடும், தங்கத்தின் நிறம் அப்படியே நிற்கும். கொஞ்சம் பெரிய துண்டு என்றால் தராசில் நிறுத்து, பிறகு தண்ணீரில் முழுக்கித் தொங்கவிட்டு நிறுங்கள். காற்றிலுள்ள எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3. மண்ணுத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், 15-க்கு மேல் வந்தால் சரி. பைரைட் 5. வெங்கச்சங்கல் ஒட்டிக் கிடந்தால் இந்தக் கணக்கு கீழே இழுக்கும், அதை வைத்துத் தள்ளிவிட வேண்டாம். திரும்பி வருகையில் துண்டு எத்தனை சின்னது என்றாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

செம்மண்தேரி:

பனைவிளை தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு. எந்த மெஷின்ல பழகினாலும் காயிலுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், மண்ணுல உரசித் தேயாம இருக்க. தேரி மணல் அதுக்கும் காயிலுக்கும் நடுவுல போய்ச் சேரும். அதுல கரும்பொடியும் இருக்கதால, மூடி அசையுற ஒவ்வொரு தடவையும் காயில் கத்தும். காரணம் தெரியாம ஆளுக கிரவுண்ட் பேலன்ஸைத் திருகிக்கிட்டு இருப்பாங்க. வாரம் ஒருக்கா மூடியைப் பைய நெம்பிக் கழத்தி, தண்ணில அலசி, காய வச்சு மாட்டுங்க. காயில் வயரைக் கம்புல இறுக்கமாச் சுத்துங்க, தொளதொளன்னு ஆடுனா அதுவும் பொய்ச் சத்தம் கொடுக்கும்.

இரவல் மெஷினையோ, குந்தாலியையோ, பழகின பூட்ஸையோ இங்கிருந்து கொண்டுபோறதா இருந்தா, மூடிக்குள்ள ஒரு சிட்டிகை செம்மண்ணுகூட இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவுல ஏர்போர்ட் ஆளுக மண்ணு விசயத்துல ரொம்பக் கண்டிப்பு. பூட்ஸ் அடியில உள்ள பள்ளத்தை எல்லாம் பழைய பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, இறங்குறப்ப கொடுக்கிற சீட்டுல மண்ணு பட்ட சாமான் இருக்குன்னு எழுதிக் கொடுத்துருங்க. லித்தியம் பேட்டரியைக் கழத்திக் கைப்பையில வைங்க, பெட்டிக்குள்ள போட்டா செக்கிங்குல எடுத்து வெளிய வச்சுருவாங்க.